பணம் கேட்காத எதிரி: வாசகர் கேள்வி பதில்

கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டோம். இம்முறை வந்த கடிதங்கள் வேறொரு எதிரியைப் பற்றிக் கேட்கின்றன. நாடுகளுக்கு இடையிலான மோதலில், ஒரு நிறுவனத்தின் வேலையை நிறுத்தவும் அதன் பெயரில் பொய் பரப்பவும் வருகிறவன் அவன். அவனிடம் பேரம் பேச வழியில்லை. ஆகவே பதில்களிலும் தடுப்பதைவிட, விழுந்தபின் எதை வைத்து எழுவது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: சைபர் போர் என்பதெல்லாம் ராணுவத்துக்கும் மின்வாரியத்துக்கும்தான், 40 கணினி வைத்திருக்கும் நம்மை எவன் சீண்டப் போகிறான் என்கிறார் எங்கள் மேலாளர். என்ன பதில் சொல்வது?
– கூட்டுறவு வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: அவரிடம் 2017 ஜூன் 27 அன்று நடந்ததைச் சொல்லுங்கள். உக்ரைனில் வரிக்கணக்கு தாக்கல் செய்யக் கம்பெனிகள் பரவலாகப் பயன்படுத்திய மென்பொருள் எம்.இ.டாக். நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களில் தினமும் திறக்கும் கணக்கு மென்பொருள் மாதிரிதான். தாக்கியவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் அப்டேட் சர்வருக்குள் புகுந்து, வழக்கமான அப்டேட்டுக்குள்ளேயே ஒரு பின்வாசலை வைத்துவிட்டார்கள். அந்த வழியாக இறங்கியதுதான் நாட்பெட்யா என்ற தீநிரல். பாதிக்கப்பட்டவர்கள் சந்தேகத்துக்குரிய மெயில் எதையும் திறக்கவில்லை. ஒழுங்காக அப்டேட் போட்டார்கள், அவ்வளவுதான்.

திரையில் 300 டாலர் பிட்காயின் கேட்டது. அது வெறும் வேஷம். பணம் கட்டுவோரை அடையாளம் காணத் திரையில் காட்டிய எண், கண்டபடி உருவாக்கிய எழுத்துக் கோவை. அதை வைத்து யாராலும் பூட்டைத் திறக்கும் சாவியைத் தயாரிக்க முடியாது.

அடி உக்ரைனோடு நிற்கவில்லை. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு ஒடெசாவில் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு கணினியில் எம்.இ.டாக் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய முனையத்தில்கூட வேலை முடங்கியது. சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று மெர்ஸ்க்கின் தலைவர் பின்னர் சொன்னார். இழப்பு 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர் வரை.

ஆகவே உங்கள் வங்கியை யாரும் தேடிவந்து குறிவைக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்கியிருக்கும் மென்பொருளின் அப்டேட், மென்பொருள்காரர் தொலைவிலிருந்து பழுது பார்க்கத் திறந்துவைத்த இணைப்பு, மேல்மட்ட வங்கிக்குப் போகும் லைன் ஆகிய மூன்றில் ஒன்று போதும். மேலாளரிடம் அந்த மூன்றையும் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். விளக்கிச் சொல்வதைவிட அது சீக்கிரம் புரியும்.

கேள்வி: 60 கணினி, இரண்டு சர்வர், ஒரு டொமைன். புதிதாக எதுவும் வாங்கப் பணம் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சிஸ்டம் அட்மின், திருப்பூர்

பதில்: பணம் தேவைப்படாத வேலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். நாட்பெட்யா இரண்டு வழியில் பரவியது. ஒன்று, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை. மற்றது, இதுதான் கொடுமையானது, கணினியின் நினைவகத்தில் கிடக்கும் பாஸ்வேர்டுகள். அட்மின் ஒருவர் என்றோ பழுது பார்க்க லாகின் செய்துவிட்டு வெளியேறாமல் போயிருப்பார். அவருடைய அடையாளத்தை அந்தக் கணினியிலிருந்து எடுத்து, அதே அடையாளத்தோடு அடுத்த கணினிக்குப் போகும். ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்ட கணினிகளும் சேர்ந்து விழுந்தது இதனால்தான்.

முதல் வேலை, டொமைன் அட்மின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அலுவலகக் கணினிகளை ஒரே நிர்வாகத்தில் கட்டிவைக்கும் விண்டோஸ் அமைப்புதான் டொமைன், அது முழுவதையும் ஆளும் கணக்குகள் இவை. பழைய ஊழியர், மென்பொருள் விற்றவர், பேக்கப் நிரல், ஸ்கேனர் என்று ஏழெட்டுப் பெயர் இருக்கும். இரண்டாகக் குறையுங்கள். அந்த இரண்டும் டொமைன் கண்ட்ரோலரில் (யாருக்கு என்ன உரிமை என்று வைத்திருக்கும் சர்வர்) மட்டுமே லாகின் ஆக வேண்டும், ஊழியர் கணினியில் ஒருபோதும் கூடாது. எல்லாக் கணினிக்கும் சேர்த்து விதி போடும் குரூப் பாலிசியில் அதைத் தடையாகவே போட்டுவிடுங்கள். ஊழியர் கணினியைப் பழுது பார்க்கத் தனிக் கணக்கு, மெயில் படிக்கச் சாதாரணக் கணக்கு. அதாவது உங்களுக்கே மூன்று கணக்கு. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும்.

அடுத்தது லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு. ஒரு கணினியில் எல்லாவற்றையும் போட்டு, அதையே 60 கணினிக்கும் குளோன் செய்திருந்தால் 60-க்கும் ஒரே பாஸ்வேர்டுதான். ஒன்று போனால் எல்லாம் போச்சு. விண்டோஸ் லாப்ஸ் என்ற வசதி 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10, 11, சர்வர் 2019, 2022 ஆகியவற்றில் கூடவே வருகிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை அதுவே உருவாக்கும், 30 நாளுக்கு ஒருமுறை மாற்றும். தனியாகக் காசு இல்லை.

மூன்றாவது, ஊழியர் கணினியும் ஊழியர் கணினியும் ஒன்றோடொன்று பேச வேண்டிய அவசியமே இல்லை. சர்வரோடு பேசினால் போதும். விண்டோஸ் ஃபயர்வாலில், கோப்புப் பகிர்வுக்கும் தொலைவிலிருந்து இயக்கவும் பயன்படும் 445, 135, 3389, 5985 ஆகிய போர்ட்களுக்கு (கணினியின் எண்ணிட்ட வாசல்கள்) உள்ளே வரும் இணைப்பை மூடி, உங்கள் அட்மின் கணினிக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள். ஆனால் ஒரே நாளில் எல்லாக் கணினியிலும் போட்டீர்களானால் மறுநாள் காலை உங்கள் இருக்கையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கணக்குப் பிரிவில் ஒருவர் தன் கணினியில் இருக்கும் ஃபோல்டரை மற்ற நால்வருக்கு ஷேர் செய்திருப்பார். பேக்கிங் பிரிவில் ஒரு பிரிண்டர் யாரோ ஒருவரின் கணினி வழியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் ஃபயர்வால் லாகை (நடந்த இணைப்புகளின் குறிப்பேடு) மட்டும் பதிவு செய்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்து, அந்த ஷேர்களைச் சர்வருக்கு மாற்றிவிட்டு, பிரிவு பிரிவாக மூடுங்கள்.

விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பையும் நிறுத்துங்கள். அப்போது நின்றுபோவது பெரும்பாலும் பழைய ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன் வசதி. அந்த ஒரு மெஷினுக்காக 60 கணினியையும் திறந்துவைக்க வேண்டாம். ஸ்கேன் செய்தது மெயிலுக்குப் போகும்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதலாளி வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பதற்காக ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டிருந்தால் இன்றே மூடுங்கள். 3389-க்குப் பதில் வேறு எண் வைத்திருக்கிறோம் என்பது பாதுகாப்பு ஆகாது, இணையம் முழுவதையும் துழாவும் நிரல்கள் எந்த எண்ணில் வைத்தாலும் கண்டுபிடிக்கும். விபிஎன் (வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வரும் பூட்டிய வழி) வையுங்கள், அதற்குப் பாஸ்வேர்டோடு இரண்டாம் சரிபார்ப்பும் வையுங்கள். சிசிடிவி ரெக்கார்டர், விரல்ரேகை வருகைப்பதிவு இயந்திரம், பழைய விண்டோஸில் ஓடும் எம்பிராய்டரி கணினி எல்லாம் தனி வி-லேனில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்த தனி வலையமைப்பு), இணையம் இல்லாமல் இருக்கட்டும். உங்கள் ஸ்விட்ச் மேனேஜ்டு (அமைப்பை மாற்றக்கூடிய) வகையாக இருந்தால் இதற்கும் செலவில்லை.

பேட்ச் விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறோம். அந்தக் கோப்புப் பகிர்வு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது 2017 மார்ச் 14. அந்த ஓட்டை வழியாகவே பரவிய வானாகிரை தீநிரல் வந்தது மே 12, அதாவது 59 நாள் கழித்து. நாட்பெட்யா வந்தது 105 நாள் கழித்து. நேரம் இருந்தது. இணையத்தைப் பார்த்து நிற்கும் ஃபயர்வால், விபிஎன், மெயில் சர்வர் ஆகியவற்றுக்கு 48 மணி நேரம், மற்றவற்றுக்கு இரண்டு வாரம் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐந்து கணினியில் போட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போடலாம்.

கேள்வி: நல்ல ஆன்ட்டிவைரஸ் இருக்கிறது. போதாதா?
– பள்ளி அலுவலக உதவியாளர், விழுப்புரம்

பதில்: போதாது. மேலே சொன்ன தாக்குதலில் பாதி வேலையைச் செய்தவை விண்டோஸ் நிர்வாகிகள் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகளே. அவற்றை வைரஸ் என்று மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது. ஆன்ட்டிவைரஸை நீக்கிவிடாதீர்கள், அதை நம்பித் தூங்கவும் வேண்டாம்.

கேள்வி: 2023-இல் இலங்கை அரசின் மின்னஞ்சல்கள் அழிந்தபோது பேக்கப்பும் உதவவில்லை என்று படித்தேன். எங்கள் அலுவலகத்திலும் தினமும் பேக்கப் எடுக்கிறோம். அது எங்களைக் காப்பாற்றுமா?
– தகவல் தொழில்நுட்ப அலுவலர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் சொல்வது லங்கா அரச மேகக் கணினி மீது 2023 ஆகஸ்ட் 26 அன்று தெரியவந்த ரான்சம்வேர் (பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும்) தாக்குதல். அது பணத்துக்காக நடந்ததுதான், ஆனால் பாடம் ஒன்றே. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி இல்லை, இணைப்பில் இருந்த பிரதியும் பூட்டப்பட்டது. மெயில் சர்வர் எக்ஸ்சேஞ்ச் 2013. அந்தப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு அதே ஆண்டு ஏப்ரலில் முடிந்திருந்தது.

உள்ளே வருகிறவன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் நிழல் பிரதிகளை அழிப்பான், பிறகு பேக்கப் சர்வருக்குள் போவான். அந்தச் சர்வரும் அதே டொமைனில், அதே அட்மின் பாஸ்வேர்டில் இருந்தால் உங்கள் பேக்கப் அவனுக்கு இன்னொரு ஃபோல்டர், அவ்வளவே. ஆகவே பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்காதீர்கள். அதற்கென்று தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, அதுவும் தாளில். மற்ற சர்வர்கள் பேக்கப் சர்வருக்குள் எழுதும்படி வைக்காமல், பேக்கப் சர்வர் அவற்றிடம் போய் எடுத்துவரும்படி வையுங்கள்.

அதோடு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். வாரம் ஒன்று மாற்றி ஒன்று. எழுதி முடித்ததும் கேபிளைக் கழற்றி வேறு கட்டடத்தில் இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் அலுவலகத்தில் இருக்கவே கூடாது. மேகச் சேவையில் வைப்பவர்கள், குறிப்பிட்ட நாள் வரை யாராலும், கணக்கின் உரிமையாளராலும்கூட, அழிக்க முடியாத பூட்டு வசதியை இயக்குங்கள். 30 நாள் போதாது. மே மாதம் உள்ளே வந்தவன் ஆகஸ்டில் அழிப்பான், இடையில் எடுத்த பிரதிகளில் எல்லாம் அவன் வைத்த பின்வாசலும் இருக்கும். மாதம் ஒரு பிரதி என்று ஓராண்டுக்கு வையுங்கள்.

இனி, பலர் கவனிக்காத பகுதிக்கு வருகிறோம். மெர்ஸ்க்கின் சர்வர்களில் பலவற்றுக்குப் பேக்கப் இருந்தது. ஆனால் யார் யார், எவருக்கு எந்த உரிமை என்று தெரிந்துவைத்திருக்கும் டொமைன் கண்ட்ரோலர்களுக்குத் தனிப் பேக்கப் இல்லை. ஒன்று போனாலும் மற்றதிலிருந்து நகல் வந்துவிடும் என்ற நம்பிக்கை. உலகம் முழுவதும் இருந்தவை ஒரே நேரத்தில் அழிந்தன. கானாவில் ஒன்று மட்டும் தப்பியது, அதற்குக் காரணம் அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். கரண்ட் கட்டை நம்பி யாரும் இருக்க முடியாது. டொமைன் கண்ட்ரோலரின் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்பை வாரந்தோறும் தனியாக எடுத்து அந்த வெளி டிஸ்க்கில் சேருங்கள். அந்தக் கண்ட்ரோலருக்கு மீட்புப் பாஸ்வேர்டு ஒன்று உண்டு, நிறுவும்போது கேட்டிருப்பார்கள், பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது. அதை மாற்றி எழுதிவையுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட ஆக்டிவ் டைரக்டரி (டொமைனின் பயனர், உரிமைப் பட்டியல்) பேக்கப் வழக்கமான அமைப்பில் பயன்படாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மீட்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டீர்களா? யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து வினாடிக்கு 100 மெகாபைட் வந்தால் 4 டெராபைட்டுக்கு 11 மணி நேரம். அது படிக்க மட்டும், சரிபார்க்க வேறு. அதனால் முதல் நாள் தேவைப்படுவதை, சம்பளம், மெயில், பொதுமக்கள் சேவை, தனி டிஸ்க்கில் சிறிதாக வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் கணினியை எடுத்து, நெட்வொர்க் கேபிள் இல்லாமல், டிஸ்க்கையும் தாளையும் மட்டும் வைத்து ஒரு சர்வரை எழுப்பிப் பாருங்கள். எங்கே தடுக்கும் என்றால், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி அழிந்த சர்வரிலேயே இருக்கும். பேக்கப் மென்பொருளின் லைசென்ஸ் எண் யாருடைய மெயிலிலோ இருக்கும். நெட்வொர்க் வரைபடம் ஷேர் ஃபோல்டரில் இருக்கும். இவை எல்லாம் அச்சாகி அலமாரிக்குப் போக வேண்டும் என்பது முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஆலையின் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் இணையத்தில் இல்லை. கூடங்குளத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். இது போதுமான பாதுகாப்பா?
– ரசாயன ஆலைப் பொறியாளர், தூத்துக்குடி

பதில்: கூடங்குளத்தில் நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுவோம். 2019 செப்டம்பர் 4 அன்று, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசர அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில், இணையத்தோடு இணைந்திருந்த ஓர் ஊழியரின் கணினியில் தீநிரல் இருந்தது, உலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்றது கழகம். அந்தப் பிரிவினைதான் காத்தது. உங்களிடம் அது உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிரிவினை ஏட்டளவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உக்ரைன், 2015 டிசம்பர் 23. அந்த ஆண்டின் வசந்தத்திலேயே மின் விநியோக நிறுவன ஊழியர்களுக்கு மேக்ரோ (கோப்புக்குள் ஓடும் சிறு நிரல்) வைத்த வேர்டு, எக்செல் கோப்புகள் மெயிலில் வந்தன. பல மாதம் உள்ளேயே இருந்து, கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் விபிஎன்னின் பெயரையும் பாஸ்வேர்டையும் எடுத்தார்கள். அதற்கு இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. அன்று மாலை, ஆபரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது, அதாவது மின் இணைப்பைத் துண்டித்தது. அவருடைய கை எதற்கும் பயன்படவில்லை. மூன்று நிறுவனங்களில் சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது.

அதோடு விடவில்லை. கட்டுப்பாட்டு அறையின் யூபிஎஸ்ஸை அணைத்தார்கள். வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் குவித்து, மக்கள் புகார் சொல்ல முடியாதபடி செய்தார்கள். துணைமின் நிலையத்துக்குக் கட்டளை கொண்டுபோகும் சீரியல்–ஈதர்நெட் மாற்றிகளின் உள்நிரலை அழித்தார்கள், அவற்றைத் தொலைவிலிருந்து திரும்ப இயக்க முடியாது. கடைசியில் கணினிகளில் இருந்ததையும் அழித்தார்கள். ஆனாலும் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் விளக்கு எரிந்தது. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். கையால் இயக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். அவர்களைத்தான் நாங்கள் இந்த நிகழ்ச்சியின் நாயகர்களாக நினைக்கிறோம்.

உங்கள் ஆலையில் பார்க்க வேண்டியவை. சர்வீஸ் இன்ஜினியர் கொண்டுவரும் லேப்டாப் எதில் செருகப்படுகிறது? ஆலைக்கென்றே ஒரு லேப்டாப் வாங்கி வெளியே போகாமல் வைத்து, அதைத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும். அவருடைய கோப்பு பென் டிரைவில் வந்தால் முதலில் தனிக் கணினியில் சோதனை. இயந்திரம் விற்ற நிறுவனம் தொலைவிலிருந்து பார்க்க மோடம் வைத்திருக்கிறதா? அதன் மின் இணைப்பில் ஒரு சுவிட்ச் போட்டு, அவர்கள் போன் செய்து கேட்டபின் ஆன் செய்து, முடிந்ததும் ஆஃப் செய்யுங்கள். இதைவிட மலிவான ஃபயர்வால் கிடையாது. ஆபத்து நேர்ந்தால் ஆலையைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் சாவி எந்த நிலையில் இருக்கிறது? 2017-இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோ ரசாயன ஆலையில் ட்ரைட்டன் என்ற தீநிரல் புகுந்து பாதுகாப்புக் கருவியின் நிரலையே மாற்ற முயன்றது. சாவி ‘புரோகிராம்’ நிலையில் விடப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. ‘ரன்’ நிலையில் திருப்பி, சாவியை உருவி, ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி கருவிகளின் ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு பிரதி, உக்ரைனில் அழிந்த மாற்றி போன்ற சிறு உதிரிக்கும் ஒரு ஸ்பேர், ஆண்டுக்கு இரண்டு முறை திரையை அணைத்துவிட்டு நான்கு மணி நேரக் கை இயக்க ஒத்திகை. இதில் புது ஆட்களோடு மூத்த ஆபரேட்டர்களைக் கட்டாயம் சேருங்கள். அவர்கள் ஓய்வுபெற்ற பிறகு அந்த அறிவை எங்கும் வாங்க முடியாது.

கேள்வி: எங்கள் செய்தித் தளத்தையோ சமூக ஊடகக் கணக்கையோ கைப்பற்றிப் பதற்றமான நேரத்தில் பொய்ச்செய்தி போட்டால்?
– இணைய இதழ் ஆசிரியர் குழு, மதுரை

பதில்: 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில், வெள்ளை மாளிகையில் இரண்டு குண்டுவெடிப்பு, ஒபாமாவுக்குக் காயம் என்று ஒரு வரி வந்தது. சில நிமிடத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸ் சுமார் 140 புள்ளி சரிந்து மீண்டது. சிரிய எலக்ட்ரானிக் ஆர்மி என்ற குழு பொறுப்பேற்றது. அதற்குச் சற்றுமுன் ஊழியர்களுக்குப் போலி மெயில்கள் வந்திருந்தன. ஒரு வரிக்கே இவ்வளவு பலம், அதற்குக் காரணம் அந்த நிறுவனத்தின் மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை. எதிரி திருடியது அதைத்தான்.

முதலில் எல்லாக் கணக்குகளையும் எழுதுங்கள்: ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் சேனல், டொமைன் பெயர் (உங்கள் இணையதள முகவரி) வாங்கிய இடம். ஒவ்வொன்றுக்கும் மீட்பு மெயிலும் மீட்பு போன் எண்ணும் யாருடையவை? வேலையை விட்டுப் போனவருடைய எண் ஒன்றாவது இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி வேண்டாம், சிம்மை வேறொருவர் பெயரில் மாற்றி வாங்கினால் ஓடிபி அவருக்குப் போகும். விரலளவு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி ஆளுக்கு இரண்டு, ஒன்று கையில், ஒன்று அலமாரியில். போலித் தளத்தில் அந்தச் சாவி வேலை செய்யாது என்பதுதான் அதன் அருமை.

பலர் மறப்பது டொமைன் பெயரை. 2021 பிப்ரவரி 6 அன்று இலங்கையின் டொமைன் பதிவகத்தில் நடந்த ஊடுருவலால், கூகுளின் இலங்கை முகவரி உட்படச் சில தளங்களுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அந்தத் தளங்களின் சர்வரை யாரும் தொடவே இல்லை. பதிவகத்தின் பிழைக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் டொமைன் விற்றவரிடம் மாற்றத்துக்கான பூட்டைப் போட்டுவைக்கலாம், அந்தக் கணக்குக்கும் பாதுகாப்புச் சாவி வைக்கலாம்.

உங்கள் பெயரில் போலி மெயில் போகாமலிருக்க எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற விதி) மூன்றும் வேண்டும். டிமார்க்கை முதல் நான்கு வாரம் வெறுமனே கண்காணிக்கும் நிலையில் வையுங்கள். சந்தா நினைவூட்டல் அனுப்பும் வெளிச் சேவை போன்றவை அறிக்கையில் தெரியவரும். அவற்றைச் சேர்த்தபின் ஒதுக்கும் நிலைக்கும், பிறகு நிராகரிக்கும் நிலைக்கும் போங்கள். நேராக நிராகரிப்புக்குப் போனால் உங்கள் சொந்த மெயிலே தொலையும்.

மறுப்புச் செய்தியை இப்போதே எழுதிவையுங்கள். எந்தக் கணக்கு போனால் எந்தக் கணக்கிலிருந்து மறுப்பது, யார் கையொப்பம், எந்தெந்தச் செய்தி நிறுவனங்களுக்குப் போன் செய்வது என்று. நள்ளிரவில் வார்த்தை தேடினால் அரை மணி நேரம் போய்விடும்.

கேள்வி: லட்சக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் மோதி இணையதளத்தை முடக்கும் டிடாஸ் தாக்குதலுக்கு என்ன செய்வது?
– நகராட்சி ஊழியர், காரைக்குடி

பதில்: 2007 ஏப்ரல் இறுதியில் தொடங்கி மூன்று வாரம் எஸ்டோனியாவின் வங்கி, செய்தி, அரசுத் தளங்கள் இப்படித்தான் முடங்கின. உங்கள் லைன் நிரம்பியபின் உங்கள் ஃபயர்வாலால் பயனில்லை, மேலே இணையச் சேவை நிறுவனத்திலேயே வடிகட்ட வேண்டும். தளத்தை, பல இடங்களில் உள்ள சர்வர்கள் வழியாக வழங்கும் சிடிஎன் சேவைக்குப் பின்னால் வைத்து, மூல சர்வர் அந்தச் சேவையிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி செய்யுங்கள். பழைய ஐபி முகவரியையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நேராக அதையே தாக்குவார்கள். வரி செலுத்தும் பகுதியும் செய்திப் பகுதியும் தனித்தனிச் சர்வரில் இருந்தால் ஒன்றாவது நிற்கும்.

கேள்வி: தாக்குதல் நடக்கிறது என்று தெரிந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? கணினியை அணைக்கலாமா?
– தனியார் மருத்துவமனை கணினிப் பிரிவு, திருச்சி

பதில்: பொதுவாக அணைக்காதீர்கள், நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். கேபிளை உருவுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். நினைவகத்தில் இருக்கும் தடயம் அணைத்தால் போய்விடும். ஒரே விதிவிலக்கு, டிஸ்க் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கும்போது. நாட்பெட்யா கணினியை ரீஸ்டார்ட் செய்து, டிஸ்க் சரிபார்ப்பு போன்ற ஒரு போலித் திரையைக் காட்டிக்கொண்டே கோப்பு அட்டவணையைப் பூட்டியது. அந்த நொடியில் பவரைப் பிடுங்கியிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

யார் துண்டிப்பது என்பது அதைவிட முக்கியம். 2015 ஏப்ரலில் பிரான்ஸின் டிவி5மாண்ட் நிறுவனத்தின் 12 சேனல்களும் இருண்டன. தாக்குதல் எந்த இயந்திரத்திலிருந்து ஓடுகிறது என்று அங்கிருந்த ஒரு பொறியாளர் கண்டுபிடித்து அதன் கேபிளைப் பிடுங்கியதால் மிச்சம் பிழைத்தது. உங்கள் மருத்துவமனையில் இரவு 2 மணிக்கு இருக்கும் ஊழியருக்கு அந்த அதிகாரம் உண்டா? எழுத்தில் கொடுங்கள், தவறாகத் துண்டித்தாலும் நடவடிக்கை இல்லை என்பதோடு. எந்த ஸ்விட்ச், எந்தக் கேபிள் என்று சிவப்பு டேப் ஒட்டுங்கள். ஐசியு கருவிகளின் லைனுக்கு வேறு நிறம், அதில் கை வைக்கக் கூடாது.

பாதித்த கணினியில் டொமைன் அட்மினாக லாகின் செய்து என்னவென்று பார்க்கத் தோன்றும். செய்யவே கூடாது, எதிரி காத்திருப்பதே அதற்குத்தான். அலுவலக மெயிலிலும் பேசாதீர்கள், அவன் படித்துக்கொண்டிருக்கலாம். சொந்த போன்களில் முன்பே ஒரு குழு வைத்திருங்கள், எண்கள் தாளிலும் இருக்கட்டும். ஆய்வகம், காப்பீட்டு நிறுவனம், கிளை மருத்துவமனை ஆகியவற்றோடு உள்ள இணைப்பையும் மூடி, அவர்களுக்குப் போனில் சொல்லுங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் பூட்டப்பட்டபோது, சரியாகப் பிரிக்கப்படாத வலையமைப்பே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. புறநோயாளிச் சீட்டு, ஆய்வக முடிவு எல்லாம் கைக்கு மாறின. ஆகவே அச்சடித்த சீட்டுகள், கார்பன் தாளோடு, ஏழு நாளுக்கான அளவு ஒவ்வொரு பிரிவிலும் இருக்கட்டும். கணினி மீண்டதும் அவற்றைப் பதிவேற்ற ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

கவனித்ததிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-4949. பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள். அதே உத்தரவின்படி 180 நாள் லாக் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், எல்லாக் கணினியின் கடிகாரமும் ஒரே மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். கடிகாரம் ஏழு நிமிடம் முன்பின் இருந்தால், எது முதலில் நடந்தது என்றே சொல்ல முடியாது. லாகை டொமைனுக்கு வெளியே ஒரு சிறிய லினக்ஸ் கணினியில் சேமியுங்கள், உள்ளே வந்தவன் அழிக்க முடியாதபடி.

திரும்பக் கட்டும்போது அவசரப்பட்டு ஒரு தவறு செய்வார்கள். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, ஆக்டிவ் டைரக்டரியில் உள்ளே வர அனுமதிக்கும் டிக்கெட்டுகளுக்குக் கையெழுத்துப் போடும் கேஆர்பிடிஜிடி கணக்கை விட்டுவிடுவார்கள். அதன் ரகசியத்தை எடுத்தவன் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் யாராகவும் உள்ளே வரலாம். அதன் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்ற வேண்டும், ஏனென்றால் பழையது ஒன்றை அது நினைவில் வைத்திருக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது பத்து மணி நேரம் விடுங்கள், டிக்கெட்டின் வழக்கமான ஆயுள் அவ்வளவு. சேர்த்துச் செய்தால் செல்லுபடியாகும் டிக்கெட்டுகளும் அறுந்து, அப்போதுதான் எழுந்த சர்வர்கள் மறுபடி நின்றுவிடும். முதல் மாற்றத்தை இரவு எட்டு மணிக்குச் செய்துவிட்டு, இரண்டாவதை மறுநாள் காலை ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.